பில் யார் பெயரில்?

(தூய்மைப் பணியாளர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் ஒப்பந்த முறையை ஒழிப்பது பற்றியும் பணி நிரந்தரம் பற்றியும் விரிவாகப் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது ஒரு துண்டுக் காகிதத்தைப் பற்றி. ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்களே, பில்லு, அதைப் பற்றி. இதையெல்லாம் மேடை போட்டுப் பேசணுமா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் 2017 வரை அப்படித்தான் தோன்றியது.

எங்கள் பெரியம்மா மகன், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஒரு நகராட்சியில் கான்ட்ராக்ட் ஆள். உரக்கிடங்கில் வேலை. காய்கறிக் கழிவைக் கொட்டி அரைக்கிற மிஷின் அங்கே உண்டு. வாழைத்தாரின் தண்டு சிக்கிக்கொண்டால் மிஷினை நிறுத்தி எடுக்க வேண்டும். நிறுத்தினால் லோடு தேங்கும், தேங்கினால் மேஸ்திரி கத்துவான். ஆகவே ஓடுகிற மிஷினில் கையை விட்டு இழுப்பதுதான் அங்கே வழக்கம். 2017 நவம்பரில் ஒரு காலை, அண்ணனுடைய இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. உள்ளங்கைச் சதையும் கிழிந்துவிட்டது. அப்போது அவருக்கு 35 வயசு. சம்பளம் மாசம் 7,800 ரூபாய்.

அரசு ஆஸ்பத்திரி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். மேஸ்திரி அங்கே கொண்டுபோகவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அப்போது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 'பாரு, கான்ட்ராக்டர் நல்ல மனுசன், பிரைவேட்ல சேத்துட்டாரு' என்று பெரியம்மா எல்லோரிடமும் சொன்னாள். காரணம் பிறகுதான் விளங்கியது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏ.ஆர். போடுவார்கள், அதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். எங்கே, எப்படி, எந்த மிஷின் என்று கேட்பார்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். தனியார் ஆஸ்பத்திரியும் அதைச் செய்ய வேண்டும்தான். ஆனால் கூட வந்தவர் சொல்வதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'வீட்டில் ஏற்பட்ட காயம்.' எங்கள் வீட்டில் மிக்சிகூடக் கிடையாது.

கான்ட்ராக்டர் முதல் நாள் 20,000 ரூபாய் கட்டினார். ரசீது அவர் பெயரில். மறுநாளிலிருந்து அவரைக் காணோம். ஆபரேஷனுக்கு 68,000 கட்டினால்தான் ஆச்சு என்றார்கள். அண்ணியின் தோடு, பெரியம்மாவின் காசு மாலை, அது போதாமல் அஞ்சு வட்டிக்கு 50,000. அஞ்சு வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் அஞ்சு ரூபாய். நகரத்துத் தோழர்களுக்காகச் சொல்கிறேன், வருசத்துக்கு 60 சதவீதம். பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுகிற இரண்டாவது ஆபரேஷனுக்கு 27,000. கட்டுப் பிரிக்க, மருந்து வாங்க, ஊசி போட என்று ஏழெட்டு மாசத்தில் இன்னொரு 22,000. ஆக எங்கள் கையிலிருந்து போனது 1,17,000 ரூபாய்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்லணும். மூன்றாவது வாரம் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். காலனிக்குள் வரமாட்டார், தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு ஆள் அனுப்பினார். நான்தான் போனேன். குடும்பத்திலேயே பி.ஏ. படித்தவன் நான் ஒருத்தன்தானே. 'ஆபரேஷன் பில்லு ஒரிஜினல் குடு தம்பி, இன்சூரன்ஸ்ல போட்டு மொத்தப் பணத்தையும் வாங்கித் தர்றோம்' என்றார். கொடுத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை இருந்தது. ஒரு பக்கம் ஒரு ரூபாய். எடுக்கவில்லை. அந்த 68,000 ரூபாய் பில்லை அதற்குப் பிறகு நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அண்ணன் இன்றுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. அண்ணி ஒரே ஒரு முறை கேட்டாங்க. 'படிச்சவன் நீயே குடுத்துட்டியே தம்பி.'

வழக்குப் போட்டோம். தொழிலாளர் துணை ஆணையரிடம்தான் இந்த இழப்பீட்டு வழக்குகள் போகும். அங்கே எனக்குச் சட்டத்தைப் பற்றிக் கிடைத்த படிப்பைத்தான் உங்களிடம் பகிர்ந்துகொள்ள வந்தேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. கை போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு, கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம் என்று கசாப்புக்கடை விலைப்பட்டியல் மாதிரி ஓர் அட்டவணை. அதில் ஒரு வேடிக்கை பாருங்கள். காயம்பட்டவனைத் தன் செலவில் டாக்டரைக் கொண்டு *பரிசோதிக்க* முதலாளிக்கு உரிமை இருந்தது. தொழிலாளி அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும், மறுத்தால் இழப்பீடு நிறுத்தி வைக்கப்படும். முதலாளி இலவசமாக டாக்டரை அனுப்பி, இவன் வேண்டாம் என்று சொல்லி, காயம் முற்றிவிட்டால், முற்றிய பகுதிக்கு இழப்பீடு கிடையாது. இதெல்லாம் 11-ஆம் பிரிவில் இருந்தது. ஆனால் வைத்தியம் பார்த்தே தீரவேண்டும் என்று முதலாளிக்கு ஒரு வரிகூட இல்லை. உடம்பைப் பார்க்க உரிமை, உடம்பைக் காப்பாற்றக் கடமை இல்லை.

இது 86 வருசம் நீடித்தது. 2009-இல்தான் திருத்தம் செய்து 4-ஆம் பிரிவில் '2ஏ' என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்குத் தொழிலாளி உண்மையில் செய்த மருத்துவச் செலவு அவருக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். இவ்வளவுதான் அந்த உட்பிரிவு. 2010 ஜனவரி 18 முதல் அமல். இப்போது 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டம் போய், 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் இதே வாசகத்தை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள்.

நல்ல வாசகம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல வாசகம்தான். இதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நிதானமாகப் படியுங்கள். 'செய்த செலவு.' 'திருப்பித் தரப்படும்.' அப்படியென்றால் முதலில் நீ செலவு செய்திருக்க வேண்டும். அதற்கு உன்னிடம் பணம் இருந்திருக்க வேண்டும். பணம் இல்லாதவன் செலவு செய்யவில்லை. செலவு செய்யாதவனுக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை. கையை வெட்டாமல் காப்பாற்ற ஒரு லட்சம் என்றார்கள், இல்லாததால் வெட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். அப்போது மருத்துவச் செலவு கம்மி! முதலாளிக்கு லாபம்! வசதி உள்ளவனை மனசில் வைத்துக்கொண்டு எழுதிய வாசகம் இது. ஆபீசில் மெடிக்கல் பில் போட்டு வாங்குகிறவர்கள் எழுதினால் இப்படித்தான் எழுதுவார்கள்.

அடுத்து 'உண்மையில்' என்ற சொல். உண்மையில் என்றால் என்ன? எங்கள் வழக்கில் மூன்று வருசத்துக்கு மேல் இந்த ஒரு சொல்லுக்குத்தான் விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு சீட்டாக எடுத்தார். ஓ.பி. சீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், மருந்துச் சீட்டில் இன்னொரு பெயர் என்றார். எங்கள் பெயரை நாங்களா எழுதினோம்? ரேஷன் கடையில் ஒருத்தர் எழுதினார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவிதமாக எழுதினார், ஆஸ்பத்திரி கவுன்டரில் காதில் விழுந்ததை எழுதினார்கள். 'இந்த மூணு பேரும் ஒரே ஆளா?' என்று கேட்டபோது அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் எழுந்து, கட்டுப் பிரித்த கையைத் தூக்கிக் காட்டினார். கை ஒன்றுதான். அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருந்துக்கடைச் சீட்டுகளில் பாதி வெறும் துண்டுச் சீட்டு. கம்ப்யூட்டர் பில் கேட்டால் கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், கடனுக்கு வாங்குகிறவன் பில் கேட்கலாமா? கட்டுப் பிரிக்கிற கம்பவுண்டருக்குக் கொடுத்த காசுக்குச் சீட்டே கிடையாது. கடைசியில் தோல் ஒட்டிய ஆபரேஷன் பில் 27,000, மருந்துக்கடை பில்களில் தேறியது 4,350, ஆக 31,350 ரூபாய் மட்டுமே மருத்துவச் செலவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மீதி 85,650 ரூபாய் நிரூபிக்கப்படவில்லை. அந்த அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். 'காகிதம் இருந்தா குடுங்கப்பா, நான் போட்டுத் தர்றேன்' என்று இரண்டு தடவை வாய்ப்புக் கொடுத்தார். என்னிடம் காகிதம் இல்லை.

விரல் போனதற்கான இழப்பீடு தனிக்கணக்கு. சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 4,680. 35 வயசுக்குச் சட்டத்தின் காரணி 197.06, பெருக்கி வருவதில் 20 சதவீதம். 1,84,448 ரூபாய். இதற்கு எந்த பில்லும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வயசு, சம்பளம், எத்தனை விரல். அரை மணி நேரத்தில் போடுகிற கணக்கு. இழந்த விரலுக்கு அட்டவணை போடத் தெரிந்த சட்டத்துக்கு, அதே விரலுக்குத் தையல் போட என்ன ஆகும் என்று அட்டவணை போடத் தெரியவில்லையா?

உத்தரவு வந்தது 2021 ஜூலையில். 44 மாசம். 50,000 ரூபாய்க்கு மாசம் 2,500 வீதம் கட்டிய வட்டி மட்டும் 1,10,000. தாமதமான இழப்பீட்டுக்குச் சட்டம் கொடுத்த வட்டி வருசத்துக்கு 12 சதவீதம். நாங்கள் கட்டியது 60. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் குடும்பம் நசுங்கியது.

இன்னொரு கூத்தும் நடந்தது. முதல் வாய்தாவிலேயே கான்ட்ராக்டர் தரப்பு, 'இவர் இ.எஸ்.அய். வரம்புக்குள் வருகிறவர், இங்கே வழக்கே போட முடியாது' என்றது. சட்டத்தில் அப்படி இருந்தது. இ.எஸ்.அய்.-இல் காப்பீடு பெற்றவர் அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்க முடியாது என்று 53-ஆம் பிரிவு தடுத்தது. உச்ச நீதிமன்றமும் 1996-இல் அதை உறுதி செய்திருக்கிறது. சரி என்று இ.எஸ்.அய். கிளை அலுவலகம் போனோம். அங்கே அண்ணன் பெயரே இல்லை. சம்பளத்தில் மாசாமாசம் பிடித்தார்கள், கட்டவில்லை. ஆணையரிடம் போனால் இ.எஸ்.அய். போ, இ.எஸ்.அய். போனால் உன் பெயர் இல்லை. சேரிக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிற மாதிரி, இரண்டு சட்டத்துக்கு நடுவில் நின்றோம். காப்பீட்டு எண்ணைக் காட்டு என்று எங்கள் வக்கீல் கேட்டதற்குக் கான்ட்ராக்டரால் காட்ட முடியவில்லை, அதனால்தான் வழக்கு நின்றது. முதலாளி பணம் கட்டாமல் விட்டிருந்தாலும் தொழிலாளிக்குரிய பலனை இ.எஸ்.அய். கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க அந்தச் சட்டத்திலேயே, 68-ஆம் பிரிவில், வழி இருந்தது. எங்களுக்கு அப்போது அது தெரியாது. கவுன்டரில் இருந்தவரும் சொல்லவில்லை.

இ.எஸ்.அய். பற்றி நம்மவர்கள் சலித்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். மருந்து இல்லை, டாக்டர் இல்லை, வெளி ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தாலும் பாக்கி வரவில்லை என்று அவன் சேர்க்கமாட்டேன் என்கிறான். எல்லாம் நிஜம். ஆனாலும் அந்த ஏற்பாட்டின் அடித்தளத்தைப் பாருங்கள். 1943-இல் தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுக்குத் திட்டம் தீட்டப் பேராசிரியர் அடார்க்கர் நியமிக்கப்பட்டபோது, வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1944-இல் அறிக்கை வந்தது. 1948-இல் அது சட்டமானபோது தொழிலாளர் அமைச்சர் பாபு ஜெகஜீவன்ராம். அந்த இருவருக்கும் அரசியலில் எவ்வளவோ முரண்பாடு. ஆனால் இந்த ஒரு சட்டத்தின் பிறப்பில் சேரியிலிருந்து வந்த இரண்டு பேருடைய கையும் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் பணம் கொண்டுபோக வேண்டாம். அட்டையைக் கொண்டுபோனால் போதும். வேலையில் பட்ட காயம் என்றால் இத்தனை மாசம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். பில் யார் பெயரில் என்ற கேள்வியே அங்கே எழாது. ஆகவே நம்முடைய முதல் சண்டை இ.எஸ்.அய்.-க்குள் நம் பெயரை ஏற்றுவதற்கான சண்டைதான். பிடித்தம் செய்கிறான் என்றால் எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாமல் பிடித்தம் செய்தால் அது திருட்டு, வேறு பெயர் கிடையாது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் தோட்டத்தில் முதுகு வளைகிறவன் மெக்சிகோக்காரன், பில் கிளப்புகிறவன் வேறு ஆள். ஆனால் இந்த விசயத்தில் அவர்கள் சில காரியங்கள் செய்திருக்கிறார்கள். 2004-இல் கொண்டுவந்த திருத்தப்படி, தொழிலாளி படிவம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் வைத்தியத்துக்கு முதலாளி அனுமதி கொடுத்தாக வேண்டும். காயம் வேலையில் பட்டதா இல்லையா என்று விசாரித்து முடிவு சொல்லும் வரை 10,000 டாலர் வரை வைத்தியம் நடக்க வேண்டும். முதலில் வைத்தியம், பிறகு விசாரணை! நம் ஊரில் முதலில் விசாரணை, பிறகு தகராறு, கடைசியில் பில். இன்னொன்று, ஆஸ்பத்திரி தன் பில்லை முதலாளிக்கோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கோதான் அனுப்ப வேண்டும், அடிபட்டவனிடம் நீட்டக் கூடாது. எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு என்று மாநில அரசே கட்டணப் பட்டியல் போட்டிருக்கிறது. 2012-இல் மறுபடி சட்டத்தைத் திருத்தி, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் கட்டண முறையை ஒட்டி டாக்டர் கட்டணத்தை மாற்றி அமைத்தார்கள், 2014 முதல் அது நடைமுறை. தொகையில் தகராறு என்றால் ஆஸ்பத்திரியும் கம்பெனியும் தனி ஆய்வாளரிடம் போய் அடித்துக்கொள்ளட்டும் என்று 2013 முதல் ஓர் ஏற்பாடு. தொழிலாளி அந்தச் சண்டைக்குள்ளேயே இல்லை. அங்கேயும் இந்த வைத்தியம் தேவையா என்று கம்பெனி ஆள் வைத்துப் பரிசீலிப்பதில் தொழிலாளி இழுபடுகிறான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் பழைய மருந்துச் சீட்டைச் சுருட்டி ட்ரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு நாலு வருசம் அலைவதில்லை.

கட்டணத்துக்குக் கடிவாளம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே கலிபோர்னியாதான் சாட்சி. முதுகெலும்பு ஆபரேஷனில் வைக்கிற உலோகத் தகடு, திருகாணிகளுக்கு ஆஸ்பத்திரி தனியாக பில் போட அங்கே ஒரு காலத்தில் சட்டம் இடம் கொடுத்தது. லாங் பீச் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். தொழிலாளர் இழப்பீட்டு நோயாளிகளை அனுப்புகிற டாக்டர்களுக்கு ஓர் இடுப்பு முதுகெலும்பு ஆபரேஷனுக்கு 15,000 டாலர் வரை கமிஷன். பில் மேல் பில்லாக 50 கோடி டாலருக்கு மேல் போட்டார்கள். தனி பில் போடும் அந்த ஓட்டை அடைபடாமல் இருக்க மாநில செனட்டர் ஒருவருக்கு லஞ்சம் கொடுத்ததையும் அவர் 2014-இல் ஒப்புக்கொண்டார், 2018-இல் சிறைத்தண்டனை. மூட்டை தூக்கி முதுகு போனவனின் முதுகெலும்பை இவர்கள் காசாக்கினார்கள். 2012 திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே கட்டணத்தை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997-இல் சட்டம் போட்டார்கள். அதற்கு விதிகள் வந்தது 2018-இல். 21 வருசம்! அதுவும் பதிவு, படுக்கை, வசதி பற்றித்தான் பேசுகிறதே தவிர ஆபரேஷனுக்கு இன்ன விலை என்று சொல்லவில்லை. அரசுக்கு விலை போடத் தெரியாதா? தெரியும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அரசு தொகை நிர்ணயித்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் தனிப் பட்டியல் உண்டு, இ.எஸ்.அய்.-யும் வெளி ஆஸ்பத்திரிகளுக்கு அதை வைத்துத்தான் பணம் கொடுக்கிறது. ஆக, அரசு ஊழியருக்கு விலை உண்டு, அட்டை வைத்திருப்பவருக்கு விலை உண்டு. கை நசுங்கி ரத்தம் சொட்டச் சொட்ட வருகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு மட்டும் கவுன்டரில் இருப்பவர் சொல்வதுதான் விலை.

இந்தக் காப்பீட்டு அட்டையில் ஒரு சூது இருக்கிறது, தாய்மார்கள் கவனமாகக் கேட்கணும். இப்போது கான்ட்ராக்டர்கள் புத்திசாலி ஆகிவிட்டார்கள். அடிபட்டதும் 'முதலமைச்சர் கார்டு இருக்கா, எடுத்துட்டு வா' என்கிறார்கள். உயிர் பிழைக்க அட்டையைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நடப்பது என்ன? முதலாளி கொடுக்க வேண்டிய பணத்தை ஏழைகளுக்காக ஒதுக்கிய பொதுப்பணம் கொடுக்கிறது. பிறகு வழக்கில், 'இவர் உண்மையில் செலவே செய்யவில்லையே' என்று சொல்லிவிடலாம். முதலாளி தப்பித்தார். அரசு அந்தத் தொகையைக் கான்ட்ராக்டரிடம் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கச் சொல்ல வேண்டியது நாம்தான்.

முதலாளி எடுக்கிற இன்சூரன்ஸ் பாலிசியிலும் இதே கதை. தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியில் மருத்துவச் செலவு என்பது கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டிய தனிச் சரக்கு, அதற்கும் உச்சவரம்பு. டெண்டர் விடுகிற நகராட்சிகள் துடைப்பம் எத்தனை, தள்ளுவண்டி எத்தனை என்று எழுதுகிறார்கள். மருத்துவச் செலவைச் சேர்த்த பாலிசி காட்டினால்தான் டெண்டர் என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

மோட்டார் விபத்து வழக்கு நடத்திய தோழர்களுக்குத் தெரியும். காரில் அடிபட்டவருக்குத் தீர்ப்பாயம் மருத்துவச் செலவு தவிர, சத்தான உணவுக்கு இவ்வளவு, கூட இருந்து பார்த்தவருக்கு இவ்வளவு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததற்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போடுகிறது. எல்லாவற்றுக்கும் ரசீது கேட்பதில்லை, மதிப்பிட்டுப் போடுகிறார்கள். அண்ணி மூன்று மாசம் வேலைக்குப் போகவில்லை. அது யார் கணக்கில்? மிஷினில் அடிபட்டவனின் பெண்டாட்டி பிடித்த சோற்றுத் தட்டுக்கு மதிப்பு இல்லையா? ரோட்டில் அடிபடுவது யாருக்கும் நடக்கும், நீதிபதி மகனுக்கும் நடக்கும். உரக்கிடங்கு மிஷினில் யார் கை போகும் என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சட்டத்தின் தாராளம் எங்கே சுரக்கிறது, எங்கே வற்றுகிறது என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சாக்கடையில் செத்தால் 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர் 20-இல் அதை 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம், மற்ற ஊனத்துக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது. ஆனால் ஊனத்துக்கான தொகை கிடைக்க வேண்டுமென்றாலும், இந்தக் காயம் இந்த வேலையில் பட்டது என்று காகிதம் வேண்டும். 'வீட்டில் ஏற்பட்ட காயம்' என்று எழுதிய சம்மரியை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியாது. செத்தால் பத்திரிகை வரும், தலைவர்கள் வருவார்கள், மறியல் நடக்கும். விரல் போனால் யாரும் வருவதில்லை, சூப்பர்வைசர் மட்டும் வருவார், பில் வாங்க.

ஆகவே நம் கோரிக்கையைத் தெளிவாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. புதிய தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிற நேரம் இது. அடிபட்டவன் முதலில் கட்டுவது, பிறகு திருப்பி வாங்குவது என்ற முறையே வேண்டாம். ஆஸ்பத்திரி பில் வேலை கொடுத்தவரிடம் நேராகப் போகட்டும். கான்ட்ராக்டர் ஓடிப்போனால் நகராட்சியிடம் போகட்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதன்மை முதலாளியே பொறுப்பு, அவர் பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவே சொன்னது, புதிய தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. புதிதாக எதையும் நாம் கண்டுபிடிக்கவில்லை. தொகை எவ்வளவு என்பதற்கு அரசிடம் ஏற்கெனவே பட்டியல் இருக்கிறது. பில் தொலைந்தவனுக்கு, டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன ஆபரேஷன் என்று இருக்கிறதல்லவா, அந்த ஆபரேஷனுக்குப் பட்டியலில் உள்ள தொகையைக் கொடுக்கட்டும். விரலுக்கு அட்டவணை வைத்த மாதிரியேதான். இதுமட்டும் இருந்திருந்தால் அண்ணனுடைய 68,000-இல் பெரும்பகுதியாவது வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதெல்லாம் நடக்கிற வரைக்கும் என்ன செய்வது? நான் சங்க அலுவலகத்தில் மனு எழுதுகிற வேலை பார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். யாராவது அடிபட்டால் மேஸ்திரியோடு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூட ஒருத்தர் ஏறுங்கள், பெண்கள் ஏறினால் இன்னும் நல்லது, எளிதில் விரட்ட முடியாது. டாக்டர் கேட்டால், 'வேலை செய்யும்போது, இந்த இடத்தில், இந்த மிஷினில்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் ஏ.ஆர். காப்பி கேட்டு மனு போடுங்கள். வெள்ளைக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். போட்டுவிட்டாலும் பயப்பட வேண்டாம், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்று அந்தப் பழைய சட்டமே சொன்னது. விபத்து நடந்து இரண்டு வருசத்துக்குள் கோர வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஒரிஜினல் பில்லை யார் கேட்டாலும், அழுதாலும், சத்தியம் செய்தாலும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள்.

அண்ணன் இப்போது அதே நகராட்சியில் பூங்காவில் தண்ணீர் ஊற்றுகிறார், அதுவும் கான்ட்ராக்ட்தான். ஹோஸ் பைப்பை வலது கையால் பிடித்து, இடது முழங்கையில் அணைத்துக்கொள்வார். தோட்டை மீட்க முடியவில்லை. ஏலத்தில் போய்விட்டது.

கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அடிபட்டவர்கள், வீட்டில் யாருக்காவது அடிபட்டிருந்தால் அவர்கள், ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு எது இருந்தாலும், கிழிந்திருந்தாலும், கொண்டுவந்து காட்டுங்கள். கையில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்றால் பெயரையும் விபத்து நடந்த தேதியையும் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம். கடைசி பஸ் ஒன்பதரைக்கு. அதுவரை நான் அங்கேதான் இருப்பேன்.